பாலத்தோடு திரும்பிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில் தாய்லாந்தின் காஞ்சனபுரியைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆற்றங்கரை, மிதக்கும் விடுதிகள், மாலை வெயிலில் எடுத்த பாலத்தின் படம், பாங்காக்கிலிருந்து போகும் வழி எல்லாம் இருந்தன. அந்தப் பாலத்தின் மேல் போகும், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட வைத்த ரயில் பாதையைப் போட்டவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் இருந்தார்கள் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இளைஞராக இருப்பார், அவர் வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லாமல் விட்ட தலைமுறையில் நானும் ஒருத்தி. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அப்பாவின் அப்பா 1943இல் மலாயாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனார். திரும்பவில்லை. அப்போது அப்பாவுக்கு நான்கு வயது. பாட்டி இதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஜப்பான்காரன் வந்தபின் ரப்பரை வாங்க ஆளில்லை, பால்வெட்டு நின்றது, கூலி நின்றது, அரிசி கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) என்று ஆள் கேட்டு வந்தார்கள். முதலில் போனவர்கள் நம்பித்தான் போனார்கள். மூன்று மாதம் கழிந்தும் ஒருவரும் திரும்பாததால் அடுத்து யாரும் முன்வரவில்லை. அதன்பிறகு பிடித்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். தாத்தா அப்படிப் பிடிபட்டவர். விடியற்காலைப் பிரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நின்றவரை அப்படியே லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். மாற்றுத்துணி எடுக்கக்கூட லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, விடவில்லை. அவருடைய தம்பி அதற்குப் பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தார். படையில் இருந்தால் ரயிலுக்குப் பிடிக்க மாட்டார்கள் என்பதற்காகவே தோட்டத்தில் பலர் சேர்ந்ததாக அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பாட்டி 1987இல் கண்ணை மூடும்வரை தாலியைக் கழற்றவில்லை. இறந்தார் என்று யார் வந்து சொன்னார்கள், கழற்றுவதற்கு? திதியும் தெரியாது. அதனால் அப்பா ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று இலை போட்டுப் படைத்தார். அன்று பாட்டி மட்டும் வீட்டுக்குள் வரமாட்டார். படையல் முடிந்து இலையை எடுக்கும்வரை பின்கட்டில் தண்ணீர்த்தொட்டியின் மேல் உட்கார்ந்திருப்பார். சிறுமியாக இருந்தபோது அவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவும் தெரிந்த நான், 2008இல் ஒரு சுற்றுலாக் குழுவோடு முதன்முதலாகக் காஞ்சனபுரி போனபோது என்ன செய்தேன் தெரியுமா? பேருந்தைப் பாலத்தருகே நிறுத்தி, நாற்பது நிமிடம் என்றார் வழிகாட்டி. நடுப்பாலம்வரை நடந்தேன். தண்டவாளத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பேருந்தில் இருந்த நாற்பது பேரில் பாதிப்பேர் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்தார். ஒருவர்கூட இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடுத்த ஊரில் சாப்பாடு எப்போது என்பதுதான் பேச்சாக இருந்தது.

அந்தப் படத்தைப் பல ஆண்டுகள் கழித்து என் பேரன் கையில் எடுத்து, "இது எந்தப் பாலம் பாட்டி?" என்று கேட்டான். அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே எனக்குத் தெரிந்தது எவ்வளவு குறைவு என்று விளங்கிவிட்டது. அதன்பின் படித்தேன், கேட்டேன், குறிப்பெடுத்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறையில் அவனையும் அழைத்துக்கொண்டு மறுபடி போனேன். அவனுக்கு அப்போது பதினைந்து வயது.

இந்த முறை விமானம் வேண்டாம் என்று பாடாங் பெசாரில் ரயில் ஏறினோம். தாத்தாவைக் கொண்டுபோனதும் இதே வழியில்தான். எங்களுக்குப் படுக்கை, போர்வை, மின்விசிறி. அவர்களுக்கு மூடிய இரும்புச் சரக்குப் பெட்டி. ஒரு பெட்டியில் முப்பது பேருக்கு மேல். பகலில் அடுப்பாகக் காயும். மறுநாள் காலை பான் போங் என்ற சிறிய நிலையத்தைக் கடந்தோம். இறக்கிவிட்ட இடம் அதுதான். அங்கிருந்து மேலே உள்ள முகாம்களுக்குப் பலர் நடந்தே போனார்கள். ரயில் ஒரு நிமிடத்தில் அதைத் தாண்டிவிட்டது. பேரன் சன்னலோரமாக நகர்ந்து, நிலையத்தின் பெயர்ப்பலகை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

காஞ்சனபுரியில் நாங்கள் முதலில் போனது பாலத்துக்கு அல்ல, போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு. ஊரின் நடுவிலேயே இருக்கிறது. கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். ஜப்பானியரிடம் பிடிபட்டு இந்தப் பாதையில் வேலை செய்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. கல்லுக்குக் கல் சின்னப் பூச்செடி. புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கிறார்கள். பேரன் வரிசையாக வயதை மட்டும் படித்துக்கொண்டே போனான். 22, 24, 21, 30. ஒரு கட்டத்தில் படிப்பதை நிறுத்திவிட்டான்.

எங்களுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி. கையில் அச்செடுத்த தாள். அதில் அவருடைய பெரிய மாமாவின் கல்லறை எந்தப் பகுதி, எத்தனையாவது வரிசை, எத்தனையாவது எண் என்று இருந்தது. ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்து, அந்தக் கல்லின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் யாரைத் தேடி வந்தோம் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். "எந்த வரிசை?" என்றார் மிகுந்த கனிவோடு. பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

அவர்களுக்கு வரிசை எண் இருக்கிறது, நமக்கு இல்லை. ஏன் என்பதைப் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். கைதிகளோடு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். யார் எந்த நாளில், எதனால் இறந்தார், எங்கே புதைத்தோம் என்று ஜப்பானியர் கண்ணில் படாமல் எழுதி, மூங்கிலுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் ஒளித்து வைத்தார்கள். 1945 செப்டம்பரில், போர் முடிந்த கையோடு, ஒரு குழு அந்தப் பாதை நெடுகக் காட்டுக்குள் போய் 10,000க்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டறிந்து பதிவு செய்தது. எலும்புகளை எடுத்து வந்து மூன்று கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்தார்கள்: காஞ்சனபுரி, சுங்காய், பர்மாப் பக்கத்தில் தன்பியூசாயாட். அமெரிக்கர்களின் எச்சங்கள் தாய்நாட்டுக்கே போயின. நம்மவர்களோடு போனது யார்? எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே குறைவு. மருத்துவர் அபூர்வம். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். எரித்தார்கள், குழியில் தள்ளினார்கள். பெயர் கேட்க அங்கே எவரும் இல்லை.

415 கிலோமீட்டர் பாதையை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். கைதிகள் 60,000க்கு மேல். அவர்களில் இறந்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவில்; தமிழர், மலாய்க்காரர், சீனர், பர்மியர், ஜாவாக்காரர் எல்லாரும் சேர்ந்து. இவர்களில் இறந்தவர்கள் 90,000 அளவுக்கு இருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேர் அளவில் போனார்கள், பெரும்பாலோர் தமிழர். அவர்களில் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதில் 30,000 என்பார் உண்டு, 40,000க்கு மேல் என்பார் உண்டு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள பத்தாயிரம் பேரும் யாரோ ஒருவருடைய தகப்பன், புருஷன்.

அன்று மாலைதான் பாலத்துக்குப் போனோம். அதன் வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. நடுவில் நேர்கோணமாக இருக்கும் இரண்டு மட்டும், நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு விழுந்ததற்குப் பதிலாகப் போருக்குப்பின் வைத்தவை. ஆற்றுக்கு அப்போது மே க்லோங் என்று பெயர். 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்துவிட்டு, 'குவாய்' எங்கே என்று வெளிநாட்டவர் கேட்டுக்கொண்டே வந்ததால் 1960களில் இந்தப் பகுதியைக் குவே யாய் என்று மாற்றினார்கள்.

பாலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. 1944இல் ஜப்பானியப் படையே கட்டியது. தங்கள் கட்டுமானத்தில் செத்தவர்களின் ஆன்மா சாந்தியடைய. சுற்றுலாப் பேருந்துகள் அங்கே நிற்பதில்லை. அந்தத் தூணைச் சுற்றிலும் பல மொழிகளில் கல்வெட்டுகள். அவற்றில் தமிழும் ஒன்று. பேரன்தான் முதலில் பார்த்தான். "பாட்டி, தமிழ்!" என்று அவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. ஏதோ சொந்தக்காரரைக் கண்ட சந்தோஷம் அந்தக் குரலில். பக்கத்தில் போய் வாசித்தபின் அவன் முகம் மாறிவிட்டது. நம்மவர்கள் இறந்ததற்கு நம் மொழியில் முதன்முதலில் கல் வெட்டியது, அவர்களைக் கொன்ற படைதான். அதற்குப் பிறகு நம் கையால் ஒரு கல் நட எத்தனை ஆண்டு ஆயிற்று என்று அவன் கேட்டான். கிட்டத்தட்ட எண்பது.

அந்தக் கல்லையும் பார்த்தோம். கல்லறைத் தோட்டத்துக்கு அருகில் வாட் தாவோர்ன் வராராம் என்ற பௌத்த ஆலயம். பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்கள் அடக்கமான இடம். அங்கே 2023இல் நம்மவர்கள் ஒரு நடுகல் நிறுவினார்கள். போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டு வழிபடுவது நம் பழைய வழக்கம். அந்தச் சொல்லையே இதற்கு எடுத்துக்கொண்டது எனக்கு மிகவும் சரியாகப் பட்டது. நான் வீட்டிலிருந்து சிறு பையில் அப்பாவின் சமாதி மண்ணில் ஒரு பிடி கொண்டுபோயிருந்தேன். கல்லின் அடியில் தூவினேன். பேரன் ஒரு ஊதுவத்தி ஏற்றினான். காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. மூன்று தடவை ஏற்றினான்.

மறுநாள் கொன்யூ மலைவெட்டு. ஆங்கிலத்தில் ஹெல்ஃபயர் பாஸ் என்பார்கள். காஞ்சனபுரியிலிருந்து எண்பது கிலோமீட்டர். ஆஸ்திரேலிய அரசு அங்கே 1998இல் ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறது. படிகளில் இறங்கிக் காட்டுக்குள் போனால் பாறையைப் பிளந்த இடைவெளி. தண்டவாளம் எடுக்கப்பட்டுவிட்டது, சல்லிக்கல் கிடக்கிறது. 1943 ஏப்ரல் இறுதியில் தொடங்கி, சில வாரங்களில் கையால் வெட்டிய பாறை அது. ஒருவர் இரும்புக்கம்பியைப் பிடித்துத் திருகுவார், ஒருவர் சம்மட்டியால் அடிப்பார். துளையில் வெடிமருந்து வைத்துத் தகர்த்து, கற்களைக் கூடையில் அள்ளிக் கொட்டுவார்கள். இரவிலும் மூங்கில் பந்தங்களையும் தீக்குழிகளையும் வைத்துக்கொண்டு வேலை நடந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கைதிகள் வைத்த பெயர்தான் அது. முதலில் கைதிகளை வைத்தே வெட்டினார்கள். பிறகு ஆசியத் தொழிலாளர்களையும் சேர்த்தார்கள்.

பாறைச் சுவரில் அந்தத் துளைகளின் பாதி இன்னும் இருக்கிறது. நெட்டுக்குத்தாக, ஒரு முழத்துக்கு மேல். பேரன் ஒரு துளையில் பெருவிரலை வைத்தான், கச்சிதமாக உட்கார்ந்தது. மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிக்கொண்டே வந்தான். உள்ளே வழுவழுப்பில்லை. அடிக்கு ஒரு தழும்பு வீதம் சொரசொரவென்று இருக்கிறது. ஒரு துளைக்கு எத்தனை அடி அடித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க முயன்றான். முடியவில்லை. வகுப்பறையில் முப்பது ஆண்டு நின்றவள் நான். கரும்பலகையில் எழுதிப்போட்டு எத்தனையோ போர்களை நடத்தியிருக்கிறேன். அந்த விரல் நின்ற இடத்துக்கு என் எந்தப் பாடமும் ஒரு பிள்ளையைக் கொண்டுபோனதில்லை.

எங்கள் லயத்தில் நான்காவது வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். சயாமிலிருந்து திரும்பியவர். வலது முழங்காலுக்குக் கீழே சதை இல்லாமல் குழிந்து, தோல் எலும்போடு ஒட்டியிருக்கும். மூங்கில் கீறி, புண்ணாகி, அழுகிப் பிழைத்த கால். பிள்ளைகள் நாங்கள் அந்தக் காலைப் பார்த்துப் பயந்து ஓடுவோம். பாட்டி மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி அவர் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்பார். ஏதாவது கேட்க நினைத்தாரோ, கேட்டு அவர் சொல்லவில்லையோ. இப்போது இருவரும் இல்லை. அவரிடம் நான் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். எனக்கு வயது இருந்தது, அவருக்கு நினைவு இருந்தது. இது என் மனத்தை அறுக்கிறது.

பிள்ளைகளை ஏன் இந்த மாதிரி இடத்துக்குக் கூட்டிப்போய்ப் பயமுறுத்த வேண்டும், பழைய பகையை ஏன் கிளற வேண்டும் என்று என்னோடு வேலை பார்த்த ஆசிரியைகளே கேட்டார்கள். பகை பற்றிய கவலைக்கு நாகாசே தகாஷி என்ற ஜப்பானியரின் கதையைச் சொல்வேன். காஞ்சனபுரியில் ஜப்பானியப் படையின் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1945இல் கல்லறைகளைத் தேடிப்போன அந்தக் குழுவோடு மொழிபெயர்க்க அவரும் போனார். காட்டுக்குள் பார்த்தது அவரை விடவில்லை. பிற்காலத்தில் நூறு தடவைக்கு மேல் இங்கே வந்து வணங்கினார், ஆற்றங்கரையில் ஓர் அமைதி ஆலயம் எழுப்பினார், பழைய கைதிகளை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். 2011இல் இறந்தார். தவறு செய்த பக்கத்தில் நின்றவரே அத்தனை தடவை வந்திருக்கிறார். பறிகொடுத்த நாம் ஒரு தடவை போவதால் எந்தப் பகையும் மூண்டுவிடாது.

நம் பக்கத்திலும் பேசக் கூச்சப்படும் ஒன்று இருக்கிறது. இத்தனை ஆள் வேண்டும் என்று ஜப்பானியர் கேட்டபோது, யார் யார் என்று பெயர் எழுதிக் கொடுத்தது யார்? எங்கள் தோட்டத்தில் அது தமிழர்தான். அவர்களுக்கும் உயிர்ப்பயம் இருந்திருக்கும். வேண்டாதவன் பெயரை முதலில் எழுதியவர்களும் இருந்தார்கள் என்று பாட்டி ஒரே ஒரு தடவை, குரலைத் தாழ்த்திச் சொன்னார். இதையும் பேரனிடம் மறைக்காமல் சொன்னேன். ரயிலில் திரும்பும்போது, "நான் அங்க இருந்திருந்தா என் பேரையும் எழுதச் சொல்லியிருப்பாங்களா, இல்ல என்னையே எழுதச் சொல்லியிருப்பாங்களா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. ஆனால் பதினைந்து வயதில் அந்தக் கேள்வி ஒரு பிள்ளைக்கு வருமென்றால் போய்வரலாம்.

ஆகவே காஞ்சனபுரி போகும் அன்பர்களை மன்றாடிக் கேட்கிறேன். பாலத்தோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். ஜப்பானியத் தூணில் இருக்கும் தமிழை வாசியுங்கள். வாட் தாவோர்ன் வராராமில் நடுகல்லின் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். கல்லறைத் தோட்டத்தை ஒட்டியுள்ள ரயில்வே அருங்காட்சியகத்தில் நம் தொழிலாளர்களைப் பற்றியும் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பொறுமையாக மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். தண்டவாளத்தின் மேல் படம் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், நானே எடுத்தவள். புறப்படும் முன் வீட்டில் மூத்தவர்களிடம், நம் குடும்பத்தில் யாராவது சயாமுக்குப் போனார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெயர், தோட்டம், மனைவி பெயர், எத்தனை பிள்ளைகள் என்று எழுதிக்கொண்டு போங்கள். நடுகல்லின் முன் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். அங்கே நின்று தாத்தாவின் பெயரைச் சொன்னபோதுதான், அப்பா காலமான பிறகு அதை நான் ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை என்பது உறைத்தது.

தமிழ்ப்பள்ளிகளும் ஆலய நிர்வாகங்களும் ஆண்டுக்கு ஒரு பேருந்து ஏற்பாடு செய்தால் நல்லது. ஆஸ்திரேலியர்கள் தங்கள் போர் நினைவு நாளான ஒவ்வோர் ஏப்ரல் 25ஆம் தேதியும் விடியுமுன் அந்த மலைவெட்டில் கூடி நிற்கிறார்கள். கடல் தாண்டி வருகிறார்கள். நமக்கு ஓர் இரவு ரயில் பயணம்தான்.

தங்களிடம் நேரடியாக ஒரு வேண்டுகோள். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைக் குடும்பத்தார் அனுப்பி வைக்க, ஞாயிறு இதழில் ஒரு சிறு பத்தி ஒதுக்குங்கள். கட்டுரை வேண்டாம், படம் வேண்டாம். பெயர், தோட்டம், போன ஆண்டு, தெரிந்தது மட்டும். வாரத்துக்கு ஐந்து பெயர் வந்தாலும் போதும். போனவர்களின் பிள்ளைகளே இப்போது எண்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டாக வேண்டும்.

என் தாத்தாவின் பெயரைத் தனித்தாளில் எழுதி இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். வயது மட்டும் தெரியவில்லை. முப்பது இருக்கலாம் என்பார் அப்பா.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பேராக்.